ரஃஆத்: நைல் நதியின் நடுக்கமீன்

பொருள்களுக்குப் பெயரிடுவதில் மக்கள் பல வழிகளைக் கையாண்டு வந்துள்ளனர். வடிவத்தைக் கொண்டும் நிறத்தைக் கொண்டும் வாழிடத்தைக் கொண்டும் பெயர்கள் அமைகின்றன. தீண்டியவனுக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கொண்டு அமைந்த பெயர்களும் உண்டு. நைல் நதியில் வாழும் ஒருவகைக் கெளுத்தி மீனுக்கு அரபு மக்கள் வழங்கிய ‘ரஃஆத்’ என்னும் பெயர் இந்தக் கடைசி வகையைச் சார்ந்தது. உயிருள்ள அம்மீனைத் தொட்டவனின் கை அதிர்ந்து நடுங்கி மரத்துப்போகும். அம்மீன் தன் உடலிலேயே மின்சாரத்தை உண்டாக்கிப் பாய்ச்சுவதே அதற்குக் காரணம்.

இம்மீனைப் பற்றி எழுத முற்பட்டதற்கு இரண்டு காரணங்கள் உள. முதலாவது, இதன் உடலமைப்பு. படைப்பின் விந்தைகளைச் சிந்திப்போர்க்கு இதைவிடச் சிறந்த பாடம் அரிது. இரண்டாவது, இதன் பெயரை ஒட்டி நம்மிடையே உலவும் ஒரு கூற்று. ‘ரஃது’ என்றால் இடி. அப்பெயரையே மீனுக்கும் இட்டதால், மின்னலும் மீனின் ஆற்றலும் ஒன்றே என்பதை அரபு அறிஞர்கள் ஐரோப்பியருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கண்டறிந்துவிட்டனர் என்பதே அக்கூற்று. அரபுக் கல்லூரி மாணவர்கள் சிலர் இதனை எங்கோ படித்துவிட்டு வந்து, உண்மைதானா என்று வினவுவதுண்டு. மீனை முதலில் அறிந்துகொண்டு, பின்னர் அக்கூற்றுக்கு வருவோம்.

உடலமைப்பு

கெளுத்தி இனத்து மீன்களை நம் வாசகர்கள் நன்கறிவர். செதிலற்ற வழுவழுப்பான மேனி, வாயைச் சூழ்ந்த மீசைகள், முதுகுத் துடுப்பிலும் பக்கத் துடுப்புகளிலும் கூரிய முள் ஆகியன அவற்றுள் பெரும்பாலானவற்றின் அடையாளங்கள். நம் நாட்டுத் தேளி மீனின் முள் குத்திய கடுப்பைக் குளத்தில் இறங்கி மீன்பிடித்தோர் மறக்கமாட்டார்கள். ரஃஆத் அவ்வினத்தைச் சார்ந்ததாயினும் அதன் துடுப்புகளில் முள் கிடையாது. முள்ளால் தன்னைக் காத்துக்கொள்ளும் தேவை அதற்கு இல்லை.

உருண்டு தடித்து, இரு முனைகளிலும் சற்றே ஒடுங்கிய நீள உடல் இதற்கு உண்டு. உதடுகள் பருத்தவை. கண்கள் மிகச் சிறியவை. மூன்று இணை மீசைகள் வாயைச் சூழ்ந்திருக்கும். முதுகு பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம், வயிறு வெளிறியது, மேனியெங்கும் ஒழுங்கற்ற கரும்புள்ளிகள். வால் துடுப்பு வட்டமாக முடியும். மற்ற மீன்களில் முதுகின் நடுவே எழுந்து நிற்கும் கதிர்கள் கொண்ட துடுப்பு இதற்கு அறவே இல்லை. அதற்கு மாறாக, வாலுக்கு அருகே எலும்பற்ற மெல்லிய கொழுப்புத் துடுப்பு ஒன்று மட்டும் அமைந்துள்ளது. இவ்வினத்துக்கு 1803ஆம் ஆண்டில் பிரெஞ்சு இயற்கையறிஞர் லாசெப்பேத் இட்ட ‘மாலாப்டெரூரஸ்’ என்னும் பெயர் இத்துடுப்பையே குறிக்கின்றது. மென்மை, துடுப்பு, வால் எனப் பொருள்படும் மூன்று கிரேக்கச் சொற்கள் சேர்ந்த பெயர் அது. நைல் நதி இனத்தின் முழு அறிவியற் பெயர் மாலாப்டெரூரஸ் எலெக்ட்ரிக்கஸ் என்பதாகும்.

முழு வளர்ச்சியுற்ற மீன் ஒரு மீட்டருக்கு மேல் நீளமும் 20 கிலோ வரை எடையும் எட்டக்கூடியது. ஆயினும் இது விரைந்து நீந்தி இரையைத் துரத்தும் மீனன்று. பகலில் பாறையிடுக்குகளிலும் நீரில் மூழ்கிய வேர்களுக்கிடையிலும் அசையாது கிடந்து, இரவில் வெளிவரும். சிறு மீன்களை மின்னதிர்ச்சியால் செயலிழக்கச் செய்து விழுங்கும்.

மின்னுறுப்பு

மின்சாரம் பாய்ச்சும் மீன்கள் வேறு சிலவும் உள. கடலில் வாழும் மின்திருக்கையில் மின்னுறுப்பு தலையின் இரு மருங்கிலும் சிறுநீரக வடிவில் திரண்டிருக்கும். தென் அமெரிக்க ஆறுகளின் மின்விலாங்கில் அது உடலின் பின்பகுதி முழுதும் நீண்டு கிடக்கும். ரஃஆத் மீனிலோ அது தோலுக்கு நேர் கீழே, உடலைச் சுற்றிப் போர்த்திய தடித்த போர்வையைப் போல் அமைந்துள்ளது. தலையின் பின்புறம் தொடங்கி வால் வரை செல்லும் அப்போர்வை கூழ்போன்று மென்மையானது. மீன் பருத்துத் தோன்றுவதற்கும் அதுவே காரணம். தோலை உரித்தால் பெரும்பாலும் அதனோடு ஒட்டிக்கொண்டே வந்துவிடும்.

மீன் கருவாக வளரும் காலத்தில் மார்புப் பகுதித் தசையிலிருந்து இவ்வுறுப்பு உருவாகின்றது. எல்லாத் தசைகளும் சுருங்கும்போது மிகச் சிறு அளவில் மின்னோட்டத்தை உண்டாக்கவே செய்கின்றன. இங்கே தசையணுக்கள் சுருங்கும் தொழிலை விட்டுவிட்டு, மின்னோட்டத்தை உண்டாக்கும் தொழிலை மட்டும் மேற்கொண்டுள்ளன. மெல்லிய வட்டத் தகடுகளின் வடிவில் இவை இலட்சக்கணக்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன. தனித் தகடு ஒன்று தருவது ஒரு வோல்ட்டின் சிறு பின்னமே. நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் அவை தொடராக அமைந்து, ஒரே கணத்தில் செயற்படுவதால், பெரிய மீனொன்றில் 350 வோல்ட் வரை எழுகின்றது. நம் வீடுகளில் வரும் மின்சாரம் 230 வோல்ட் என்பதை நினைத்தால் இதன் அளவு புலனாகும். ஆயினும் ஒவ்வொரு துடிப்பும் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஓரிரு பங்கே நீடிக்கும். ஆகையால் தொட்ட மனிதன் அதிர்ந்து கையை இழுத்துக்கொள்கிறானே அன்றி, பொதுவாக உயிருக்கு ஊறு நேர்வதில்லை. இரையைத் தாக்கும்போது இத்தகைய துடிப்புகள் தொடர்ச்சியாக நூற்றுக்கணக்கில் எழும்.

இத்தனை இலட்சம் தகடுகளும் ஒரே கணத்தில் செயற்பட ஆணையிடுவது யார்? இவ்வினாவின் விடைதான் இம்மீனின் உடலில் உள்ள பெருவிந்தை. தண்டுவடத்தின் தொடக்கத்தில், வலப்புறம் ஒன்றும் இடப்புறம் ஒன்றுமாக, இரண்டே இரண்டு மாபெரும் நரம்பணுக்கள் உள்ளன. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரேயொரு நரம்பிழை புறப்பட்டு, மரம் கிளைப்பதுபோல் கிளைத்துக் கிளைத்து, தன் பக்கத்துத் தகடுகள் அனைத்தையும் சென்றடைகின்றது. இரண்டு நரம்பணுக்களும் தம்முள் இணைக்கப்பட்டிருப்பதால் இரு பக்கங்களும் ஒருமித்துச் செயற்படுகின்றன.

ஒவ்வொரு பக்கத்திலும் நரம்பிழை ஒன்றே என்பதை ஆராய்ந்து 1857இல் நூலாக வெளியிட்டவர் கெய்ரோவில் பணியாற்றிய ஜெர்மானிய மருத்துவர் தியோடர் பில்ஹார்ஸ். எகிப்திய உழவர்களை நெடுங்காலம் வாட்டிய இரத்தச் சிறுநீர் நோய்க்குக் காரணமான புழுவை 1851இல் கண்டறிந்தவரும் இவரே. அந்நோய்க்கு ‘பில்ஹார்ஸியா’ என்ற பெயர் இவரால் வந்தது. அதே 1857ஆம் ஆண்டில், இன்றைய நைஜீரியாவின் கலபார் பகுதியிலிருந்து பெர்லினுக்கு உயிருடன் கொண்டுவரப்பட்ட மின்கெளுத்திகளை எமில் டு புவா-ரேமோன் என்னும் உடலியல் அறிஞர் ஆராய்ந்தார். மற்ற மீன்களை நிலைகுலையச் செய்யும் மின்னோட்டம் இம்மீனை அசைக்கவில்லை என்பதை அவர் கண்டார். 2021இல் ஜெர்மனியின் பேய்ராய்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே குடும்பத்து மற்றோர் இனத்தைக் கொண்டு செய்த சோதனைகள் இதனை உறுதிப்படுத்தின. தன் அதிர்ச்சியிலிருந்து மட்டுமன்றி, வெளியிலிருந்து பாய்ச்சப்படும் வலிய மின்சாரத்திலிருந்தும் இம்மீன் காக்கப்பட்டுள்ளது.

வாழும் நாடுகள்

மின்கெளுத்திக் குடும்பம் முழுவதும் ஆப்பிரிக்காவுக்கே உரியது. ஆசியாவின் ஆறுகளிலோ வேறு கண்டங்களிலோ இது இயற்கையாக வாழ்வதில்லை. நாம் பேசிவரும் நைல் இனம், நைல் நதியில் மட்டுமன்றி சாட் ஏரியின் வடிநிலத்திலும், மேற்கே நைஜர், வோல்டா, செனகல் ஆறுகளிலும் பரவியுள்ளது. அதாவது எகிப்து, சூடான் தொடங்கி அட்லாண்டிக் கடற்கரை வரை, சஹாரா பாலைவனத்தின் தென்விளிம்பை ஒட்டிய ஆறுகளில் ஒரே மீன் வாழ்கின்றது.

இந்த ஆறுகளுக்கிடையே இன்று வறண்ட நிலம் பரந்து கிடக்கிறது. நன்னீர் மீன் கடல்வழியே போகாது, நிலத்தையும் கடக்காது. அவ்வாறாயின் ஒரே இனம் இத்தனை ஆறுகளிலும் எவ்வாறு பரவியது? சஹாரா எக்காலத்தும் பாலைவனமாக இருந்ததில்லை என்பதே விடை. ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 5,000 ஆண்டுகளுக்கு முன்வரை அங்கே மழை மிகுந்த காலமொன்று நிலவியது. இன்று சுருங்கிக் கிடக்கும் சாட் ஏரி அக்காலத்தில் காஸ்பியன் கடலோடு ஒப்பிடத்தக்க பரப்புடன் விளங்கியது. அதற்கு முன்பும் இத்தகைய ஈரக் காலங்கள் பலமுறை வந்து சென்றுள்ளன. அக்காலங்களில் சதுப்புகளும் ஏரிகளும் வெள்ளப்பெருக்குகளும் ஆற்றுக்கும் ஆற்றுக்கும் இடையே வழிகளைத் திறந்தன. அவற்றின் எச்சம் அண்மைக் காலம் வரை காணக்கிடைத்தது. சாட் ஏரியைச் சேரும் லோகோன் ஆறு பெருகும்போது, அதன் வெள்ளம் சதுப்புநிலங்கள் வழியே வழிந்து மாயோ கெபி என்னும் ஆற்றின்மூலம் பெனுவே நதியை அடைவதுண்டு. பெனுவே, நைஜரோடு கலப்பது. நைல் முதல் செனகல் வரை பல்வேறு மீன்வகைகள் பொதுவாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

முற்காலத்தில் ஆப்பிரிக்காவின் மின்கெளுத்திகள் பெரும்பாலும் ஒரே இனமாகக் கருதப்பட்டன. ஆய்வு நுணுகிய பின்னர் அவை பல இனங்கள் எனத் தெரியவந்தது. 2002இல் ஸ்டீவன் நாரிஸ் என்னும் அறிஞர் இக்குடும்பம் முழுவதையும் மறு ஆய்வு செய்து 14 புதிய இனங்களை விவரித்தார். அவற்றுள் பல காங்கோ வடிநிலத்தைச் சார்ந்தவை. தங்கனீக்கா ஏரிக்கும், ஸம்பேஸி ஆற்றின் கீழ்ப்பகுதிக்கும் தனித்தனி இனங்கள் உண்டு. ஹவுசா மொழி பேசும் மக்கள் இம்மீனை ‘மின்ஜிரியா’ என்பர். நைஜர் ஆற்றில் வாழும் ஓர் இனத்திற்கு 1987இல் அச்சொல்லே அறிவியற் பெயராகவும் இடப்பட்டது.

அப்துல் லத்தீப் கண்டவை

எகிப்தியர் இம்மீனை மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தனர். ஸக்காராவிலுள்ள ‘தீ’ என்னும் அரசவைப் பெருமகனின் கல்லறைச் சுவரில், நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மீன்பிடிக் காட்சிச் சிற்பங்களிடையே மின்கெளுத்தியின் உருவமும் உள்ளது. அவர்கள் இதனை ‘நைல் நதியின் இடிமுழக்கி’ என்று அழைத்ததாக இன்று பலர் எழுதுகின்றனர். ஆனால் அதற்கு ஆதாரமாக எந்தப் பழைய ஏட்டையும் அவர்கள் எடுத்துக்காட்டுவதில்லை.

சொற்களால் இம்மீனை நுணுக்கமாக விவரித்தவர்களுள் முதன்மையானவர் அப்துல் லத்தீப் அல்-பக்தாதீ (ஹிஜ்ரி 557–629 / கி.பி. 1162–1231). பக்தாதில் பிறந்து, மருத்துவம், மொழியியல், தத்துவம் எனப் பல துறைகளில் தேர்ந்து, கெய்ரோவில் அல்-அஸ்ஹரில் பாடம் நடத்தியவர். எகிப்தில் தாம் கண்டவற்றையும் கேட்டவற்றையும் தொகுத்து ‘அல்-இஃபாதா வல் இஃதிபார்’ என்னும் சிறு நூலை ஹிஜ்ரி 600, கி.பி. 1204 அளவில் எழுதி முடித்தார். 1810இல் சில்வெஸ்டர் தெ ஸாஸி அதனைப் பிரெஞ்சு மொழியில் பெயர்த்து ஐரோப்பிய அறிஞரிடையே பரப்பினார்.

எகிப்தின் விலங்குகளைக் கூறும் பகுதியில் அப்துல் லத்தீப் ரஃஆத் மீனைப் பற்றித் தரும் செய்திகளின் சாரம் இது: உயிருடன் இருக்கும் மீனைத் தொட்டவனுக்கு அடக்கவியலாத நடுக்கம் ஏற்படும். குளிர்ச்சியும் மரத்துப்போதலும் உடலில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வும் கூடவே வரும். நிற்கவோ, எதையும் பிடித்திருக்கவோ இயலாது. கையில் தொடங்கிய மரப்பு மேற்கைக்கும் தோளுக்கும் ஏறி, பக்கம் முழுவதையும் பற்றும். வலையில் இம்மீன் அகப்பட்டால், அதனைத் தொடாமலேயே, ஒரு சாணுக்கு மேற்பட்ட தொலைவிலும் தனக்கு அந்நிலை ஏற்படுவதாக மீனவர் ஒருவர் கூறியுள்ளார். நீந்துவோர், மீனின் மூச்சு தம்மேல் பட்டாலே உடல் மரத்து மூழ்கும் நிலைக்கு வந்துவிடுவதாகச் சொல்லியுள்ளனர். மீன் செத்துவிட்டால் இவ்வியல்பு நீங்கிவிடும். இது செதிலற்றது, முள் குறைவு, கொழுப்பு மிகுதி, தோல் விரற்கனம் உடையது, எளிதில் உரிந்து வரக்கூடியது. ஒரு ரத்தல் முதல் இருபது ரத்தல் வரை எடையுள்ள மீன்கள் காணப்படுகின்றன.

இவற்றை இன்றைய அறிவோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். எறும்பூர்வது போன்ற உணர்வு, நரம்புகள் மின்துடிப்பால் கிளறப்படுவதன் அடையாளம். தொடாமலே அதிர்ச்சி ஏறுவதற்குக் காரணம், நீரும் நனைந்த வலைக்கயிறும் மின்சாரத்தைக் கடத்துவது. நீந்துவோர் மூச்சு என்று எண்ணியதும் நீர்வழிப் பாய்ந்த மின்சாரமே. செத்த மீன் அதிர்ச்சி தராமைக்குக் காரணம், அந்த இரண்டு நரம்பணுக்களின் ஆணை அற்றுப்போவது. எல்லாவற்றுக்கும் மேலாக, விரற்கனத் தோல் என்று அவர் குறித்தது கவனிக்கத்தக்கது. எந்த மீனுக்கும் அத்தனை தடித்த தோல் இராது. தோலோடு ஒட்டி வரும் மின்னுறுப்பையே அவர் தோலெனக் கண்டிருக்கிறார். அதன் தொழில் இன்னதென்று அவருக்குத் தெரியாது. ஆனால் அதனை அளந்து எழுதி வைத்தார்.

அவர் எழுதும் முறையும் சிந்திக்கத்தக்கது. மீனவர் சொன்னதை மீனவர் சொன்னதென்றும், நீந்துவோர் சொன்னதை அவர்கள் சொன்னதென்றும் பிரித்து எழுதுகிறார். இந்நூலிலேயே மற்றொரு புகழ்பெற்ற பகுதி உண்டு. ஹிஜ்ரி 597, 598ஆம் ஆண்டுகளில் எகிப்தைத் தாக்கிய கொடிய பஞ்சத்தில் மாண்டவர்களின் எலும்புகள் கெய்ரோவை அடுத்த அல்-மக்ஸில் குவிந்து கிடந்தன. மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸ் எழுதியிருந்தார். அப்துல் லத்தீப் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மண்டையோடுகளை ஆராய்ந்து, பொருத்துவாய் ஏதுமற்ற ஒரே எலும்பு என்று கண்டு எழுதினார். ஆசானின் கூற்றைவிடக் கண்ணால் கண்டது வலிய சான்று என்பது அவர் கொள்கை. மீனைப் பற்றிய குறிப்பும் அதே கொள்கையில் விளைந்தது.

குளிர்ச்சி என்னும் விளக்கம்

நடுக்கத்துக்குக் காரணம் என்ன என்ற வினாவுக்கு அக்கால அறிஞர் தந்த விடை குளிர்ச்சி என்பதாகும். வெப்பம், குளிர்ச்சி, ஈரம், வறட்சி என்னும் நான்கு இயல்புகளால் உலகப் பொருள்களின் செயல்களை விளக்குவது அன்றைய அறிவியல். குளிரால் உடல் நடுங்குகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. இம்மீனைத் தொட்டாலும் அவ்வாறே நேர்கிறது. ஆகவே மீனின் இயல்பு கடுங்குளிர்ச்சி என்று முடிவு செய்தனர். ‘அஜாயிபுல் மக்லூகாத்’ ஆசிரியர் அல்-கஸ்வீனீ (மறைவு ஹிஜ்ரி 682 / கி.பி. 1283) இதனையே கூறுகிறார். வலையில் ரஃஆத் இருப்பதை உணர்ந்த மீனவர்கள், கயிற்றை முளையிலோ மரத்திலோ கட்டிவிட்டு, மீன் சாகும்வரை காத்திருப்பார்கள் என்ற செய்தியையும் அவர் தருகிறார். கல்லூரியில் எழுதாத பாடத்தை மீனவர்கள் தொழிலில் கற்றிருந்தனர்.

மருத்துவத்திலும் இம்மீன் இடம்பெற்றது. உயிருள்ள மின்மீனைத் தலைவலியால் துன்புறுபவரின் தலையருகே வைத்தால் வலி மரத்துவிடும் என்று ஜாலீனூஸ் கூறியதை இப்னு ஸீனா, இப்னுல் பைதார் முதலிய மருத்துவ ஆசிரியர்களின் நூல்களும் எடுத்துச் சொல்கின்றன. ஜாலீனூஸ் குறித்தது கடலில் வாழும் மின்திருக்கையை. அரபு மொழியில் ரஃஆத் என்னும் ஒரே பெயர் கடல் திருக்கைக்கும் நைல் கெளுத்திக்கும் பொதுவாக வழங்கியதால் இரண்டின் செய்திகளும் நூல்களில் கலந்துவிட்டன. 18ஆம் நூற்றாண்டில் எகிப்திலும் யமனிலும் ஆய்வு செய்த ஃபோர்ஸ்கால் என்பவர்கூட, நைல் கெளுத்தியைத் திருக்கையின் பெயரிலேயே பட்டியலிட்டார். 1763இல் யமனில் மறைந்த அவருடைய நூல் 1775இல் வெளிவந்தது.

இடியா, நடுக்கமா?

இப்போது முதலில் குறித்த கூற்றுக்கு வருவோம். இது நம்மவர் புனைந்ததன்று. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெளிவந்த அமெரிக்கக் கலைக்களஞ்சியம் ஒன்று, மின்னலைக் குறிக்கும் ‘ரஃது’ என்ற அரபுச் சொல்லை மின்மீனுக்கும் வழங்கியதைச் சான்றாகக் காட்டி, மின்னலும் மின்சாரமும் ஒன்றெனும் உண்மையை அணுகிய முதற் பெருமையை அரபுகளுக்கு அளித்தது. பிறர் புகழ்ந்து எழுதியதை நாம் ஆராயாமல் எடுத்துக்கொண்டோம்.

அரபு இலக்கணம் கற்ற தொடக்கநிலை மாணவனும் இதிலுள்ள பிழைகளைக் காண முடியும். முதலாவது, ரஃது என்பது இடி. மின்னலுக்கு உரிய சொல் பர்க். ஸூரத்துல் பகராவின் 19ஆம் வசனத்தில் இவ்விரு சொற்களும் அடுத்தடுத்துத் தனித்தனிப் பொருளில் வந்திருப்பதை யாவரும் அறிவர்.

இரண்டாவது, மீனின் பெயர் ரஃது அன்று, ரஃஆத். இரண்டும் ரா, ஐன், தால் என்னும் ஒரே வேரில் பிறந்தவை. ஒன்று மற்றொன்றிலிருந்து வந்ததன்று. அவ்வேரின் அடிப்படைப் பொருள் அதிர்தல், நடுங்குதல். ‘இர்தஅத’ என்றால் நடுங்கினான்; ‘ரிஃதா’ என்றால் நடுக்கம்; அச்சத்தால் நடுங்கும் கோழைக்கு ‘ரிஃதீத்’ என்று பெயர். வானம் அதிர்வது ரஃது. கையை அதிரச் செய்வது ரஃஆத். தச்சனை நஜ்ஜார் என்றும் ரொட்டி சுடுபவனைக் கப்பாஸ் என்றும் சொல்வது போல, ஒரு செயலை ஓயாது செய்வதைக் குறிக்கும் ‘ஃபஃஆல்’ என்னும் வாய்பாட்டில் அமைந்தது இப்பெயர். இப்னு மன்ளூர் (மறைவு ஹிஜ்ரி 711 / கி.பி. 1311) தம் ‘லிஸானுல் அரப்’ அகராதியில் ரஃஆத் என்னும் மீனை விளக்கும்போது கை மரப்பதையும் நடுங்குவதையுமே கூறுகிறார். இடியோடு அதனைத் தொடர்புபடுத்தவில்லை.

மூன்றாவது, இன்றைய அரபு எழுத்துகளில் மின்மீன்களுக்கு ‘ரஃஆஷ்’ என்ற பெயரும் வழங்குகின்றது. ரா, ஐன், ஷீன் என்னும் இதன் வேருக்கும் நடுக்கமே பொருள். இவ்வேரில் இடிக்கு இடமே இல்லை. கிரேக்கர் கடல் மின்திருக்கைக்கு ‘நார்கே’ என்று பெயரிட்டனர். மரத்துப்போதல் என்பது அதன் பொருள். லத்தீன் மொழியில் ‘டார்பீடோ’ என்பதும் அதே பொருளுடையது. மூன்று மொழியினரும் தம் கைக்கு நேர்ந்ததைக் கொண்டே மீனுக்குப் பெயரிட்டனர்.

நான்காவது காரணம் மொழியைக் கடந்தது. மேலே கண்டவாறு, மீனின் ஆற்றலைக் குளிர்ச்சி என்று அவர்கள் விளக்கினர். மின்னலையோ, அரிஸ்டாட்டிலைப் பின்பற்றிய அக்காலத் தத்துவ அறிஞர், மேகங்களிடையே பற்றியெரியும் வறண்ட ஆவி என்று, நெருப்பின் இனத்தில் சேர்த்தனர். ஒன்று குளிர், மற்றது நெருப்பு. தம் அறிவியலில் எதிரெதிர் முனைகளில் வைத்த இரண்டையும் ஒன்றெனக் கண்டார்கள் என்று நாம் சொன்னால், அவர்களுடைய நூல்களை நாம் படிக்கவில்லை என்பதே அதற்குப் பொருள்.

மின்சாரம் என்று தெளிந்த வரலாறு

இரண்டும் ஒன்றென அறிவதற்கு, மின்சாரத்தைத் தேக்கி வைத்து, வேண்டும்போது கையால் தொட்டு உணரத்தக்க கருவியொன்று தேவைப்பட்டது. 1745, 1746ஆம் ஆண்டுகளில் உருவான லெய்டன் சாடி அத்தேவையை நிறைவேற்றியது. 1751இல் செனகல் நாட்டில் மின்கெளுத்தியைத் தொட்டுப்பார்த்த மிஷேல் அடான்ஸன் என்னும் பிரெஞ்சு அறிஞர், அதன் அதிர்ச்சி லெய்டன் சாடியின் அதிர்ச்சியை ஒத்திருப்பதாகத் தம் 1757ஆம் ஆண்டு நூலில் எழுதினார். இதற்கிடையே 1752இல் மின்னலும் மின்சாரமே என்பது சோதனையால் நிறுவப்பட்டது. 1772இல் ஜான் வால்ஷ் கடல் மின்திருக்கையின் அதிர்ச்சி மின்சாரமே என்பதைச் சோதனைகளால் காட்டினார். 1800இல் வோல்ட்டா, உலோகத் தகடுகளை அடுக்கி முதல் மின்கலத்தைச் செய்தபோது, அதனை மின்மீனின் உறுப்புக்கு ஒப்பான செயற்கை உறுப்பு என்றே அறிமுகப்படுத்தினார். எகிப்துக்கு நெப்போலியனுடன் சென்ற ஜெஃப்ருவா ஸாந்த்-இலேர் நைல் மின்கெளுத்தியை அறுத்து ஆராய்ந்ததும் இக்காலத்தில்தான்.

‘மின்சாரம்’ என்பதற்கு அரபு மொழியில் இன்று வழங்கும் ‘கஹ்ரபா’ என்ற சொல்லும் இவ்வரலாற்றுக்குச் சான்று பகர்கின்றது. வைக்கோலை இழுப்பது எனப் பொருள்படும் பாரசீகச் சொல் அது. அம்பர் என்னும் மரப்பிசின் கல்லின் பெயர். தேய்த்த அம்பர் துரும்பை இழுப்பதை முன்னோர் அறிந்திருந்தனர். இடியையும் மின்னலையும் கண்டனர். மீனின் நடுக்கத்தையும் உணர்ந்தனர். மூன்றுக்கும் மூன்று பெயர்கள் இட்டனர். மூன்றும் ஒன்றே என்பது 18ஆம் நூற்றாண்டில்தான் வெளிப்பட்டது.

இதனால் நம் முன்னோரின் பெருமை சிறிதும் குறைந்துவிடாது. செய்யாத கண்டுபிடிப்பை ஒருவர்மேல் ஏற்றிப் புகழ்வோர், அவர் உண்மையில் செய்ததைப் படிக்கும் உழைப்பைப் பெரும்பாலும் மேற்கொள்வதில்லை. மின்னலைப் பற்றிய கூற்றைப் பலர் அறிவர். விரற்கனத் தோல் என்று அப்துல் லத்தீப் எழுதிய குறிப்பை அறிந்தோர் மிகச் சிலரே. முன்னது ஆதாரமற்றது. பின்னதோ, பில்ஹார்ஸ் அதே நாட்டில் அதே மீனை அறுத்துப் பார்ப்பதற்கு ஆறரை நூற்றாண்டுகளுக்கு முன்பே, மின்னுறுப்பு இருக்கும் இடத்தைச் சரியாகத் தொட்டுக் காட்டிய குறிப்பு.

நம் கல்லூரி நூலகங்களில் லிஸானுல் அரப் இருக்கிறது. மாணவர்கள் ரா, ஐன், தால் என்னும் வேரை எடுத்து அப்பகுதி முழுவதையும் ஒருமுறை படிக்கட்டும். இடியும் நடுக்கமும் கோழையும் மீனும் ஒரே இடத்தில் வரிசையாக வருவதைக் காண்பார்கள். அவற்றின் உறவு எத்தகையது என்பதை அந்தப் பக்கங்களே அவர்களுக்குக் கற்றுத்தரும்.